ஒரே கூரை, இருபத்திரண்டு அடுப்பு

கட்டண விதிப் புத்தகத்தின் அடிக்குறிப்பைப் படித்து முடித்ததும் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். தொடர்ச்சியான ஒரே கூரையின் கீழ் இருப்பது ஒரே கட்டடமாகக் கொள்ளப்படும் என்று அதில் இருந்தது. வெள்ளைக்காரன் அச்சடித்த புத்தகம். ஜப்பான்காரன் வந்து ஆபீசின் பெயர்ப்பலகையை மாற்றினானே தவிர இந்தப் புத்தகத்தை மாற்றவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இருபத்திரண்டு குடும்பங்களின் வீட்டை ஒற்றை வரியால் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். மேசை மேல் ஏறி ஆடாததுதான் குறை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில காலம் ஆகிறது. போன மாதம் நகராட்சியில் இருக்கும் இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். புது வீடமைப்புகளுக்குச் சாலைக்கும் சாக்கடைக்கும் வாங்கும் கட்டணத்தை இனி வாசல் கணக்கில் வாங்கப் போகிறார்களாம். அந்தக் காலத்தில் எதை வைத்து எண்ணினீர்கள் என்று கேட்டார்கள். கூரையை வைத்து என்றேன். பிறகு, ஒரு தடவை மட்டும் புகையை வைத்து என்றேன். அவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் வேலை பழகிய கதை சின்னது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பரீட்சைக்குக் காத்திருந்தேன். சண்டை வந்தது, பள்ளிக்கூடம் மூடியது. மூன்று மாதம் சும்மா சுற்றினேன். ஜப்பான் எழுத்து கொஞ்சம் எழுதத் தெரியும் என்றதும் சிரம்பான் நகர ஆபீசில் பிளான் கிராணியாக, படம் வரையும் குமாஸ்தாவாக, சேர்த்துக்கொண்டார்கள். அளவு நாடா பிடிக்க ஒரு வாரம், படம் வரைய ஒரு மாதம். அவ்வளவுதான் என் பயிற்சி.

எனக்கு மேலே இருந்தவர் ஓவர்சியர் வைத்திலிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லி, எப்போதும் வெள்ளைக் காற்சட்டை. அவர் ஒரு விண்ணப்பத்தைப் பார்க்கும் விதமே தனி. காகிதத்தை மேசையில் வைத்து, மரக் கோல் ஒன்றை முதல் வரியின் கீழ் பொருத்துவார். அந்த வரி முடிந்தால்தான் கோல் கீழே இறங்கும். விரல் காகிதத்தைத் தொடாது. காகிதம் கிடைக்காத காலம், பழைய விண்ணப்பப் பாரங்களின் முதுகில்தான் எழுதுவோம். அவரோ முன்பக்கத்துப் பழைய எழுத்தையும் ஒரு முறை படித்துவிட்டுத்தான் திருப்புவார். கையெழுத்துப் போடும்போது மட்டும் எழுந்து நிற்பார். தன் கண்ணால் காணாத சுவரையோ கிணற்றையோ கண்டதாக அவர் எழுதியதே இல்லை. ஆபீசில் அவருக்குப் பின்னால் இதைக் கேலி செய்யாதவர் கிடையாது. நானும் செய்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்து இரண்டாம் வருஷம். துரைமார்கள் ஓடிப்போன ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டுவார் இல்லை, சம்பளம் இல்லை. அப்படி ஒரு தோட்டத்திலிருந்து இருபத்திரண்டு குடும்பங்கள் கிளம்பி, தெமியாங் தாண்டி மலையடிவாரத்தில் மரவள்ளி போட வந்தார்கள். பயிர் செய்ய ஜப்பான் அதிகாரியே அனுமதி கொடுத்திருந்தார். ஆனால் அந்த இடம் நகர எல்லைக்குள் வந்தது. எல்லைக்குள் புதிதாக வீடு கட்டினால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் கட்டணம் கட்ட வேண்டும். சாக்கடை வெட்ட, பாதை போட, கிணறு தோண்ட, கக்கூஸ் வாளி எடுக்க, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை. கட்டினால் வீட்டு எண் கிடைக்கும். கட்டாவிட்டால் மாதக் கடைசியில் ஆட்கள் வந்து கூரையைப் பிரித்துப் போடுவார்கள்.

நான் நாடாவோடு அளக்கப் போனேன். சைக்கிளுக்கு டியூப் கிடைக்காமல் சக்கரத்தில் கட்டி ரப்பர் சுற்றியிருந்த காலம். ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பு எண்ணியது. போய்ச் சேர்ந்து பார்த்தால் தனித்தனி வீடு ஒன்றுகூட இல்லை. ஒரே நீளக் கூரை. நாடாவை மூன்று முறை நீட்டியும் தீரவில்லை. அத்தாப்பு ஓலை வேய்ந்த கூரை, மரப்பட்டைச் சுவர், வரிசையாக இருபத்திரண்டு வாசல். தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீட்டை, லயத்தை, அப்படியே தூக்கிவந்து மலையடியில் வைத்தது போல் இருந்தது.

இவர்களுக்குத் தலைவராக இருந்தவர் சடையன். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஆட்களை வேலை வாங்கியவர். வேண்டிய மட்டும் இடம் இருக்கிறதே, ஏன் தனித்தனியாகக் கட்டவில்லை என்று அவரிடம் கேட்டேன். என் கேள்வி அவருக்குப் புரியவில்லை. வீடு என்றால் வேறு எப்படிக் கட்டுவது என்று திருப்பிக் கேட்டார். பிறந்தது லயத்தில், பெண் எடுத்தது அடுத்த லயத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமாவிட்டால் தூக்கம் வராது என்றார். கட்டணத் தொகையைச் சொன்னேன். இருபத்திரண்டு தடவை அதைக் கட்டுவதென்றால் ஜனங்களையே விற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு தூங்காமல், மறுநாள் ஆபீசுக்குப் போய்த்தான் அந்த அடிக்குறிப்பைக் கண்டுபிடித்தேன். ஒரே கூரை, ஒரே கட்டடம், ஒரே கட்டணம்.

ஓவர்சியர் லயத்துக்கு வந்து பார்த்தார். கூரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார், எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தபடியே. இதில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். பாரத்தில் அந்தக் கேள்வி இல்லையே என்று சட்டென்று சொல்லிவிட்டேன். என் கெட்டிக்காரத்தனம் அப்போது நாக்கின் நுனியிலேயே குடியிருந்தது. அவர் பாரத்தை வாங்கி, அந்தக் கேள்வி இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டார். ஆபீசுக்குத் திரும்பியதும் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். சடையன் மண்டோர் கோழிகளையும் யாரோ ஒருத்தியின் மூக்குத்தியையும் விற்று ஒரு கட்டணத்தைக் கட்டினார். ரசீது எழுதியவன் நான்தான். லயமே என்னை வாசலில் நிறுத்திக் கருப்பட்டித் தண்ணீர் கொடுத்தது. பதினாறாம் வாசல் மாரியாயி, வாய் கொஞ்சம் அதிகம், எனக்கு அந்த லயத்திலேயே பெண் பார்க்கப் போவதாகச் சொன்னாள்.

நான்காம் நாள் சடையன் ஆபீசுக்கு வந்தார். கையில் அரிசி கார்டு, ஒன்றே ஒன்று.

கார்டு வீட்டு எண்ணுக்குத்தான் கொடுப்பார்கள். ஒரு கட்டடம் என்று நான் எழுதினேன், ஒரு எண் கொடுத்தார்கள். ஒரு எண்ணுக்கு ஒரு கார்டு. தோட்டத்துப் பழைய கார்டுகளை, நகரத்துக்கு வந்துவிட்டார்கள் என்று வாங்கிக் கிழித்துவிட்டார்கள். புதுக் கார்டில் பெயர் எழுத எட்டு வரிதான் உண்டு. அந்தக் கூரையின் கீழ் தொண்ணூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கார்டை அவர் நிரப்பவே இல்லை.

“எந்த எட்டுப் பேர எழுதட்டும், தம்பி?” என்றார். கோபமே இல்லாமல் கேட்டார்.

நான் லயத்துக்கு ஓடினேன். கருப்பட்டித் தண்ணீர் இல்லை. வாசலில் மரவள்ளி சீவிக்கொண்டிருந்த மாரியாயி கத்தியை நிறுத்தாமலே பேசினாள்.

“வாங்க கிராணி. ஒரு கூரைக்கு ஒரு வீடுன்னு எழுதுனீங்கல்ல? ஒரு வாயின்னும் எழுதிருந்தா இன்னும் மிச்சமாயிருக்கும் லா.”

பக்கத்து வாசலில் இரண்டு பெண் குழந்தைகளோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பாக்கியம். புருஷனைச் சயாம் ரயில் ரோட்டு வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய் எட்டு மாதம். அவள் குழந்தைகளைத் திருப்பி உட்கார வைத்துக்கொண்டாள், என் சைக்கிளைப் பார்க்காதபடி.

திரும்பிவந்து ஓவர்சியரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விதிப் புத்தகத்தை எடுத்தார். கோல் முதல் பக்கத்திலிருந்து இறங்கத் தொடங்கியது. நான் நின்றுகொண்டே இருந்தேன். மத்தியானம் தாண்டியது. கடைசியில் கோல் ஓரிடத்தில் நின்றது. கட்டணம் கட்டடத்துக்கு, எண் குடித்தனத்துக்கு என்று அங்கே இருந்தது. குடித்தனம் என்றால் என்ன என்று புத்தகம் எங்கும் சொல்லவில்லை. அடிக்குறிப்பைக் கண்டதும் குதித்தவன், அதற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பியே பார்க்கவில்லை.

அவர் அந்தப் பக்கத்தோடு அதிகாரியிடம் போனார். வெளியே நான் கேட்டது பாதிதான், மொழிபெயர்ப்பாளர் மூலம் வந்தது. தோட்டத்துக் கூலிகள் சிப்பாய்க் கொட்டகையில் இருப்பது போல ஒன்றாக இருப்பவர்கள், ஒரே அண்டாவில் பொங்கித் தின்பவர்கள், அதனால் அது ஒரே குடித்தனம் என்றார் அதிகாரி. இல்லை, ஒவ்வொரு வாசலுக்கும் தனி அடுப்பு என்றார் ஓவர்சியர். கண்டீரா என்றார் அதிகாரி. இன்னும் இல்லை என்றார் இவர். கண்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கதவுக்கு வெளியே நான் தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்குள் எரிகிற அடுப்புகளை எண்ணி எழுதி வரச் சொல்லிக் கடுதாசி கொடுத்தார் அதிகாரி. எத்தனை அடுப்போ அத்தனை எண். அதற்கு மேல் ஒன்று கூடினாலும் ஓவர்சியர் பதில் சொல்ல வேண்டும்.

இன்றைக்கே போய் லயத்தில் சொல்லி வைத்துவிடுகிறேன் என்றேன்.

“சொல்லிப்போட்டுப் போய் எண்ணினால் அது கூத்து, காணும். நீர் பேசாமல் இரும்,” என்றார்.

இருந்தேன். எப்படி இருந்தேன் என்று எனக்கே தெரியாது.

டோக்கியோ நேரம் எங்கள் பழைய நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் ஓடும். ஆபீஸ் கடிகாரத்தை அதற்குத்தான் மாற்றி வைத்திருந்தார்கள். ஆகவே நாங்கள் இருவரும் லயத்துக்கு எதிர் மேட்டில் ஏறி நின்றபோது நல்ல இருட்டு. நடுவில் ஒரு சதுப்பு. அந்தப் பக்கம் கூரை, நீளமான கறுப்புக் கோடு போல. ஓவர்சியர் காகிதத்தில் இருபத்திரண்டு வரி போட்டு எண் எழுதி வைத்திருந்தார். பக்கத்தில் இன்னொரு பத்தி, அடுப்பில் என்ன என்று பிறகு நான் போய்ப் பார்த்துச் சொல்வதை எழுத.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கிழக்கே லேசாக வெளுத்தது. கூரையின் ஒரு முனையில் அத்தாப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு நூல் போலப் புகை எழுந்தது. அடுத்து நடுவில் ஒன்று. பிறகு நான் எண்ணுவதற்குள் ஐந்து, ஏழு, பத்து. காற்றே இல்லை. ஒவ்வொன்றும் நேராக எழுந்து, மரங்களின் உயரம் போய், அங்கே ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாக நின்றது. கீழே தனித்தனி, மேலே ஒன்று. அந்த ஜனங்கள் எனக்குச் சொல்ல முயன்றதை அந்தக் கூரை தானே எழுந்து சொல்வது போல் இருந்தது. கோயில் கோபுரத்துக்குக் கும்பிடாதவன் நான். அந்தக் காலையில் என் கை தானாகச் சேர்ந்தது.

ஓவர்சியர் ஒவ்வொரு வரியிலும் ஒரு கோடு இழுத்தார். பதினாறாம் வரிக்குப் பிறகு பென்சில் நின்றது. ஒன்றைத் தாண்டிப் பதினெட்டுக்குப் போயிற்று.

“இருபத்தொண்டு,” என்றார்.

பதினேழாம் வாசல் பாக்கியத்துடையது. அவள் அங்கேதான் இருக்கிறாள், நான் பார்த்தேன், இரண்டு குழந்தைகளோடு இருக்கிறாள் என்றேன்.

“இருக்கிறாள் எண்டு எனக்கும் தெரியும். அடுப்பு எரியேல்லை. நான் கண்டதைத்தான் எழுதுவன்.”

நகரத்திலிருந்து எட்டு மணிச் சங்கு ஊதியது. டோக்கியோ எட்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓவர்சியர் காற்சட்டையின் உள்பையில் கைவிட்டு ஒரு கடிகாரத்தை எடுத்தார். அதில் ஆறரை மணி. அதை அவர் டோக்கியோ நேரத்துக்கு மாற்றி வைக்கவே இல்லை. ஜப்பான்காரன் கண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

“கடுதாசியில எட்டு மணி எண்டுதான் போட்டிருக்கு. எந்த நாட்டு எட்டு எண்டு போடேல்லை,” என்றார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து, “நான் இந்த மேட்டை விட்டு இறங்க ஏலாது. எண்ணிறவன் இறங்கக்கூடாது. உம்மை இஞ்ச ஒருத்தரும் கட்டி வைக்கேல்லை,” என்றார்.

சதுப்பில் முழங்கால்வரை இறங்கி ஓடினேன். பதினேழாம் வாசலில் பாக்கியம் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். அடுப்பை மூட்டு, சும்மா தண்ணீரை ஏற்று, புகை வந்தால் போதும், கார்டு வரும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

“வெறும் பானய அடுப்புல ஏத்தமாட்டேன் தம்பி. அவரு உசுரோட இருக்காரு.”

ஒன்றுமில்லாத பானையை நெருப்பில் வைப்பது வீட்டில் சாவு விழுந்தால் செய்கிற காரியம் போல அவளுக்கு. எனக்கு அது புரியவே சற்று நேரம் பிடித்தது. மூன்று நாளாக அவள் அடுப்பு எரியவில்லை என்பது அதற்குப் பிறகுதான் புரிந்தது. மாரியாயி தினமும் இரண்டு குழந்தைகளையும் கூப்பிட்டுத் தன் தட்டுக்கு முன்னால் உட்கார வைத்திருக்கிறாள். நீயும் வா என்று கூப்பிட்டால், வயிறு சரியில்லை என்று சொல்லியிருக்கிறாள் பாக்கியம்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மாரியாயி தன் வீட்டுக்குள் போய்க் கொதிக்கிற பானையிலிருந்து ஒரு துண்டு மரவள்ளியை அகப்பையால் எடுத்துவந்தாள். பாக்கியத்தின் பானையை நிமிர்த்தினாள். துண்டைப் போட்டாள்.

“இப்ப வெறும் பானயில்ல. மூட்டுடி,” என்றாள்.

பிறகு லயத்தின் இரண்டு பக்கமும் திரும்பி, வீட்டுக்கு ஒரு துண்டு என்று ஒரே குரல் கொடுத்தாள். நான் நின்று பார்த்தேன். பன்னிரண்டாம் வாசலிலிருந்து ஒரு கிழவர், ஐந்திலிருந்து கைப்பிள்ளைக்காரி, ஒன்றாம் வாசலிலிருந்து சடையன் மண்டோர், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்களுக்கே அன்று ஒரு வேளைக்குப் போதாது, பானைகளை நான் பார்த்தேன். துண்டு விழுந்துகொண்டே இருந்தது. பானை நிறைந்தது. மாரியாயி தன் அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்துவந்து கொடுத்தாள். அதை வாங்கி அடுப்பில் வைத்தது பாக்கியம்தான். விறகு ஈரம். நாங்கள் எல்லோரும் கண் எரிய நின்றோம். எனக்குக் கண் எரிந்தது விறகால் மட்டும் என்று சொல்லமாட்டேன்.

மேட்டுக்குத் திரும்பியபோது கூரையின் பதினேழாம் இடத்தில் மற்ற எல்லாவற்றையும்விடக் கறுப்பாக, தடித்துப் புகை எழுந்துகொண்டிருந்தது. ஓவர்சியர் கல்லிலிருந்து எழுந்து நின்றிருந்தார்.

“அந்த அடுப்பில என்ன?” என்று கேட்டார்.

“மரவள்ளி சார். இருபத்தோரு வீட்டு மரவள்ளி.”

அவர் மற்ற வரிகளில் நான் பானைகளில் கண்டு சொன்னபடி எழுதிவிட்டு, பதினேழாம் வரியில் மரவள்ளி என்று மட்டும் எழுதினார். எழுதிய எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. அவர் எழுத்து கோணி நான் பார்த்தது அன்றுதான்.

ஆபீசுக்குப் போனபோது கிழக்கு நோக்கிக் குனிந்து வணங்கும் காலை வழிபாடு எப்போதோ முடிந்திருந்தது. வராதவர்கள் நாங்கள் இருவர்தான். அதிகாரி முதலில் ஓவர்சியரை அறைந்தார், இரண்டு தடவை. கண்ணாடி தரையில் விழுந்தது. அடுத்தது நான். ஓவர்சியர் குனிந்து கண்ணாடியை எடுத்தார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். ஏன் தாமதம் என்ற கேள்வி வந்தது. உத்தரவில் சொன்ன நேரம்வரை எண்ணினேன் என்றார். கடிகாரத்தை வெளியே எடுக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, கையெழுத்துப் போட எழுந்து நிற்கிறவரைப் போல இன்னும் நிமிர்ந்து நின்றார்.

அதிகாரி இருபத்திரண்டு வரியையும் படித்தார். மரவள்ளி, மரவள்ளி, மரவள்ளி என்று இருபத்திரண்டு முறை. அரிசி என்று ஒரு வரியில்கூட இல்லை. அதைக் கண்டு அவர் என்ன நினைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வெகுநேரம் படித்தார். பிறகு முத்திரையை எடுத்து அடியில் குத்தினார். ஒரு கூரைக்கு ஒரு கட்டணம், இருபத்திரண்டு அடுப்புக்கு இருபத்திரண்டு எண். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி நானே எண்களை எழுதினேன். பதினேழை முதலில் எழுதினேன். கார்டில் பாக்கியம் எழுதச் சொன்ன முதல் பெயர் அவள் புருஷனுடையது.

சாயங்காலம் ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டார். கன்னம் வீங்கியிருந்தது. லிங்கிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வெளியேறிய ஜனங்கள் ஆற்றோரம் மூன்று நீளக் கூரை போட்டிருக்கிறார்களாம். அங்கேயும் இதே போல எண்ணி வரச் சொல்லி அதிகாரி உத்தரவு போட்டிருந்தார். நாளை மறுநாள் காலை, அதிகாரியே கூட வருவாராம். அங்கே மேடு இல்லை, ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும் என்றார் ஓவர்சியர். அதற்கு முந்தின நாள் நான் எங்கே இருப்பேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சக்கரத்துக் கட்டி ரப்பரைக் கம்பியால் இறுக்கினேன். சடையன் மண்டோரிடம் போய் லிங்கி விஷயத்தைச் சொன்னேன். ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு வாசலாக நடந்து மரவள்ளி சேர்த்தார். சாக்கைச் சைக்கிளில் கட்டும்போது பின்சக்கரம் நசுங்கியது. லிங்கி வரைக்கும் ஏற்றமும் இறக்கமுமான பாதை, பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும். மூன்று கூரையிலும் எந்த வாசலில் பானை கவிழ்ந்திருக்கிறது என்பதை இருட்டுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.